அரிசி மூட்டையோடு ஒரு புத்தகமும்



இடம்பெயர்ந்து வந்த ஒரு கமக்காரக் குடும்பத்திற்கு என்ன வேண்டும் என்று கேட்டால், திருச்சபையின் சமூகப் பணியில் இருக்கும் எவரும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவர்: அரிசி, மா, பருப்பு, பால்மா, பாய், கூரைத் தகரம், பிள்ளைகளுக்குக் கொப்பி. மீளக் குடியேறும் காலம் வந்தால் விதை நெல், மண்வெட்டி, தண்ணீர் இறைக்கும் இயந்திரம் என்று பட்டியல் நீளும். இவையெல்லாம் வேண்டியவையே. ஆனால் இந்தப் பட்டியலில் இதுவரை இடம்பெறாத ஒன்றையும் சேர்க்க வேண்டும் என்பது எமது கருத்து. அது வாசிப்பதற்கு ஒரு நல்ல நூல்.

"வயிறு காயும் நேரத்தில் புத்தகமா?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். பசித்தவனுக்கு முதலில் சோறு கொடுக்க வேண்டும். அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் காணியை இழந்தவன் காணியோடு வேறு பலவற்றையும் இழக்கிறான். போர்க் காலத்தில் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையின் கடற்கரையோர ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனையின் நெருக்கமான தெருக்களிலும் அறை எடுத்துத் தங்கியவர்கள் எம் வாசகர்களில் பலர். சிலர் 2009-இல் போர் முடிந்த பின் ஊர் திரும்பினர். சிலர் காணி கிடைக்காமலும், பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டும் இங்கேயே தங்கிவிட்டனர். இங்கே பிறந்த பிள்ளைக்கு வாய்க்காலில் மடை மாறுவது தெரியாது. சூடு மிதிப்பது தெரியாது. தன் அப்பப்பா எந்தக் குளத்தின் கீழ் வயல் செய்தார் என்பதும் தெரியாது. தான் யார், எங்கிருந்து வந்தவன், தன் மக்களோடு கடவுள் எப்படி நடந்து வந்தார் என்ற நினைவே மெல்ல மெல்லக் கரைந்து போகிறது. இந்த இழப்புக்கு நிவாரண அட்டை கிடையாது.

பக்தி நூல், வாழ்க்கை வரலாறு, வரலாற்று நூல் ஆகிய மூன்று வகையும் இந்த இழப்பை ஈடுசெய்ய எவ்வாறு உதவும் என்பதை எமது நாட்டின் உதாரணங்களைக் கொண்டே பார்ப்போம்.

இரண்டு நூல்களும் ஒரு தொப்பியும்

1660-ஆம் ஆண்டு திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் ஓர் ஆங்கிலக் கப்பல் நின்றது. கப்பல் தலைவரும் அவரது மகன் றொபேட் நொக்ஸும் வேறு சிலரும் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டு உள்நாட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். மகனுக்கு அப்போது பத்தொன்பது வயது. தந்தையும் மகனும் ஒரு கிராமத்தில் வைக்கப்பட்டனர். அடுத்த ஆண்டே தந்தை காய்ச்சலில் இறந்தார். மகன் அந்நிய ஊரில், அந்நிய மொழியின் நடுவே தனித்து நின்றார்.

அவரிடம் எஞ்சியிருந்தவை இரண்டு ஆங்கிலப் பக்தி நூல்கள். அவற்றைத் திரும்பத் திரும்ப வாசித்து ஏறக்குறைய மனப்பாடமே செய்துவிட்டார். வேதாகமம் மட்டும் இல்லை; அதற்காக ஏங்கினார். ஒரு நாள் அவ்வழியே வந்த ஒரு முதியவர், நொக்ஸுக்குப் புத்தகம் வாசிக்கத் தெரியுமா என்று விசாரித்து, தம்மிடம் ஒரு புத்தகம் இருப்பதாகச் சொன்னார். ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைப் பிடித்த வேளையில் அவர் கைக்கு அகப்பட்ட புத்தகம் அது. வாங்கிப் பார்த்தால் ஆங்கில வேதாகமம்! தன்னிடமிருந்த ஒரேயொரு பொற்காசையும் கொடுத்துவிட நொக்ஸ் துணிந்தார். கடைசியில் அவர் பின்னிய தொப்பி ஒன்றுக்கே முதியவர் அதைக் கொடுத்துவிட்டார்.

இந்தச் சம்பவத்தை நாம் வெறும் அதிசயமாக மட்டும் வாசித்து விட்டுவிடக்கூடாது. நொக்ஸ் அந்தச் சிறையிருப்பில் என்ன செய்தார் என்பதையும் பார்க்க வேண்டும். தொப்பி பின்னி விற்றார். கோழியும் பன்றியும் வளர்த்தார். நெல்லைக் கடனாகக் கொடுத்து வாங்கினார். வியாபாரி போலத் தோழர் ஒருவருடன் வடக்கு நோக்கி ஊர் ஊராகத் திரிந்து, தப்பும் வழியை ஆண்டுக் கணக்காகத் தேடினார். 1679-இல் அநுராதபுரத்தைக் கடந்து, மல்வத்து ஓயா என்ற எமது அருவியாற்றின் ஓரமாகக் காட்டு வழியே நடந்து, மன்னார்ப் பகுதியின் அரிப்புக் கோட்டையை அடைந்தார். பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலான சிறையிருப்பு அப்படி முடிந்தது. 1681-இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூல், அக்காலக் கண்டிக் கமக்காரர் வயலை எப்படி மட்டப்படுத்தினர், நீரை எப்படிக் கொண்டுவந்தனர், சூடு எப்படி மிதித்தனர் என்றெல்லாம் விபரமாகச் சொல்கிறது.

ஆக, பக்தி நூல் அவரை மூலையில் உட்கார வைக்கவில்லை. நாளைக்கும் எழுந்து நடக்கும் பலத்தைக் கொடுத்தது. இதையே நாம் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். வாசித்து முடித்தபின் "எல்லாம் விதி, பொறுத்திரு" என்று மட்டும் சொல்லி எம்மைத் தூங்க வைக்கும் நூல் ஏழைக்குக் கேடு. செபிக்கவும் கற்றுத்தந்து, வழி தேடவும் தூண்டும் நூலே நல்ல பக்தி நூல்.

எம் மொழியிலும் இதற்குச் சிறந்த உதாரணம் உண்டு. கோவாவிலிருந்து 1705-இல் இலங்கை வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார், கத்தோலிக்கக் குருமாரை ஒல்லாந்தர் தடைசெய்திருந்த காலத்தில், தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதினார். அச்சகம் அவரிடம் இல்லை. கையால் பிரதி செய்யப்பட்ட சுவடிகளாகவே அவை ஊர் ஊராகச் சென்றன. குருவானவரின் முகத்தை ஆண்டுக்கு ஒரு முறை காண்பதே அரிதான ஊர்களில் அண்ணாவிமாரும் மூப்பர்மாரும் மக்களைக் கூட்டி வாசித்தும் செபித்தும் விசுவாசத்தைக் காத்தனர். ஆண்டவரின் பாடுகளைப் பற்றி அடிகளார் எழுதிய வியாகுலப் பிரசங்கத்தைத் தவக்காலத்தில் இராகத்தோடு வாசிக்கும் வழக்கம் எமது கத்தோலிக்க ஊர்களில் இருந்து வருகிறது. எழுத்து அறியாத தாய்மாரும் அதைக் கேட்டே கற்றனர். ஒருவர் வாசிக்கப் பலர் கேட்பது எமது பழைய முறை என்பதை மறக்க வேண்டாம்.

வாழ்ந்து காட்டியவர்கள்

வாழ்க்கை வரலாறு எமக்குத் துணை தேடித் தருகிறது. "எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்ற கேள்வி இடம்பெயர்ந்தவரின் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கும். உனக்கு முன்பும் ஒருவர் இந்த வழியால் போனார் என்று வாழ்க்கை வரலாறு பதில் சொல்லும்.

புனித யோசப் வாஸ் அடிகளாரை எடுத்துக்கொள்வோம். 1651-இல் கோவாவில் பிறந்த அவர், 1687-இல் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்று, அதைக் கண்டு முகம் மாறியவர்களிடமிருந்து மறைந்து வாழ்ந்த விசுவாசிகளை இனங்கண்டார் என்று அவரது வரலாறு கூறுகிறது. சில்லாலை மக்கள் அவருக்கு இடம் கொடுத்தனர். பின்னர் புத்தளம் சென்று, 1692-இல் கண்டியை அடைந்தபோது ஒற்றன் என்று சந்தேகிக்கப்பட்டுச் சிறைப்பட்டார். 1697-இல் கண்டியில் அம்மை நோய் பரவியது. அரசனும் வசதி படைத்தோரும் நகரை விட்டு நீங்கினர். நோயாளர் காட்டில் கைவிடப்பட்டனர். அடிகளாரோ அவர்களுக்குக் குடில் போட்டு, கஞ்சி கொடுத்து, புண் கழுவி, இறந்தோரை அடக்கம் செய்தார். எந்தச் சமயத்தவர் என்று பார்க்கவில்லை. வீடு வாசல் இல்லாத அந்நியரே மற்றவருக்கு வீடு போட்டுக் கொடுத்தார்!

வெள்ளவத்தையிலிருந்து காலி வீதியால் நேரே வடக்கே போனால் வருகிற காலி முகத்திடலில், 2015 சனவரி 14-ஆம் நாள், பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அன்றைய திரளில் நின்றவர் பலர். ஆனால் அவரது வாழ்க்கையை முதலிலிருந்து முடிவு வரை வாசித்தவர் எத்தனை பேர்? சொரூபத்திற்கு மாலை போடுவது எளிது. அந்தக் காட்டுக் குடிலில் அவரோடு சிறிது நேரம் நிற்க வேண்டுமானால் அவரது வரலாற்றை வாசிக்க வேண்டும்.

கமக்காரருக்கென்றே சொல்லவேண்டிய இன்னொரு வாழ்க்கை அமெரிக்கரான ஜோர்ஜ் வாஷிங்டன் காவருடையது. ஏறக்குறைய 1864-இல் அடிமைக் குடும்பத்தில் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கையிலேயே அவரையும் தாயையும் கொள்ளையர் கடத்திச் சென்றனர். குழந்தை மீட்கப்பட்டது, தாய் திரும்பவேயில்லை. கறுப்பர் என்பதற்காக ஒரு கல்லூரி அவரைத் திருப்பி அனுப்பியது. விடாமல் படித்து விவசாய விஞ்ஞானியாகி, 1896-இல் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி கல்வி நிலையத்தில் ஆசிரியரானார்.

அங்கே மண் செத்துக் கிடந்தது. ஆண்டாண்டாகப் பருத்தி மட்டுமே பயிரிட்டதால் சத்து உறிஞ்சப்பட்டிருந்தது. காவர் ஏழை விவசாயிகளுக்குச் சொன்ன வழி எமக்கும் விளங்கக்கூடியது: கச்சானும் கௌபியும் மாறி மாறிப் போடுங்கள். இவ்வினப் பயிர்களின் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள நைதரசனை மண்ணில் சேர்க்கும். வற்றாளை போடுங்கள், வீட்டுக்குச் சாப்பாடு கிடைக்கும். கல்வி நிலையத்துக்கு வர வசதியில்லாதவருக்காக 1906-இல் ஒரு வண்டியில் கருவிகளையும் விதைகளையும் ஏற்றிக் கிராமங்களுக்கே அனுப்பி வைத்தார்கள். கச்சானை எப்படிப் பயிரிடுவது, நூற்றுக்கு மேற்பட்ட வகையில் எப்படிச் சமைப்பது என்று 1916-இல் ஒரு சிறு கைநூல் வெளியிட்டார். ஞாயிறு மாலைகளில் மாணவர்களுக்கு வேதாகம வகுப்பும் நடத்தினார். படைப்பை ஆராய்வது அவருக்குப் படைத்தவரை அறியும் வழியாக இருந்தது.

பல ஆண்டுகள் பற்றைக்காடாய்க் கிடந்த காணிக்குத் திரும்பும் எம்மவருக்கு இந்த வாழ்க்கையில் ஆறுதலும் உண்டு, பாடமும் உண்டு. உழுந்தும் பயறும் எமக்குப் புதியவையா என்ன?

ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். வாழ்க்கை வரலாறு எழுதுவோர் சிலர் பாராட்டில் எல்லை மீறிவிடுகிறார்கள். கச்சானை அரைத்துச் செய்யும் பட்டரைக் காவரே கண்டுபிடித்தார் என்று பல சிறுவர் நூல்கள் எழுதின; அது சரியல்ல. குறையே இல்லாத மனிதராக ஒருவரைக் காட்டும் நூலைச் சற்று நிதானித்து வாசிக்க வேண்டும். வேதாகமமே தாவீதின் பாவத்தையும் பேதுருவின் மறுதலிப்பையும் மறைக்கவில்லையே.

கசப்பையும் சொல்லும் வரலாறு

வரலாறு எமக்கு இரண்டு காரியம் செய்கிறது: ஆறுதல் தருகிறது, எம்மைத் திருத்தவும் செய்கிறது.

முதலாவது ஆறுதல். மடு அன்னையின் வரலாற்றை எல்லோரும் அறிவோம் என்று நினைக்கிறோம். ஆனால் அது ஓர் இடம்பெயர்வின் வரலாறு என்பதை நினைத்துப் பார்த்தோமா? ஒல்லாந்தரின் நெருக்கடிக்கு அஞ்சி, 1670 அளவில் மாந்தையிலிருந்து கத்தோலிக்கக் குடும்பங்கள் சில சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் சென்றன என்பது வழிவழி வந்த செய்தி. அகதிகள் கொண்டு சென்ற பொருளே பின்னர் நாடெங்குமுள்ளோர் தேடிவரும் திருத்தலமாயிற்று. 2008 ஏப்ரலில் போர் நெருங்கியபோது அதே சொரூபம் தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்து, ஓகஸ்டில் திரும்பி வந்தது. தன் மக்களோடு தாயும் இடம்பெயர்ந்தாள் என்று அக்காலத்தில் எத்தனையோ பேர் தேறுதல் அடைந்தனர்.

இரண்டாவது திருத்தம். இது கசக்கும். கொட்டாஞ்சேனையில் 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு அன்று, விகாரைக்குச் சென்ற பௌத்த ஊர்வலத்தைக் கிறிஸ்தவர்களே தாக்கினர். அதற்கு 136 ஆண்டுகளின் பின், 2019 ஏப்ரல் 21-ஆம் திகதி, அதுவும் உயிர்த்த ஞாயிறு, அருகிலுள்ள கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்தில் செபித்துக்கொண்டிருந்த மக்கள் குண்டுக்குப் பலியாயினர். இரண்டாவதை நினைத்து ஆண்டுதோறும் மெழுகுதிரி ஏற்றுகிறோம். முதலாவதை எமது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தோமா? ஒன்றை மற்றொன்றோடு நிறுத்துப் பார்ப்பது எமது நோக்கமன்று. எமக்குச் செய்யப்பட்டதை மட்டும் வாசித்து, நாம் செய்ததை விட்டுவிட்டால் மனந்திரும்புதல் எப்படி வரும்?

அதுபோலவே, 1990 ஒக்டோபரில் வட மாகாணத்தின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அவர்களிலும் கமக்காரர் இருந்தனர். வயலும் மாடும் விட்டுப் போனவர்கள் இருந்தனர். பலர் புத்தளத்தில் ஆண்டுக் கணக்காகக் குடிசைகளில் வாழ்ந்தனர். எமது துயரத்தை எழுதும் நூலில் அவர்களது துயருக்கும் ஒரு பக்கம் இருந்தால்தான் அது கிறிஸ்தவ வாசிப்பு ஆகும். அயலான் யார் என்ற கேள்விக்கு ஆண்டவர் சொன்ன கதையில், அடிபட்டவனுக்கு உதவியவன் வேற்று இனத்தவன் அல்லவா?

எழுதாமல் விட்டால்

வரலாறு நூலாக இருந்தால்தான் இவ்வளவும் கிடைக்கும். நூல் இல்லாவிட்டால்? 1981-இல், மே 31 இரவும் அதையடுத்தும், யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. பன்மொழி அறிஞரான தாவீது அடிகளார் அந்தத் தீயைக் கண்டு மாரடைப்பால் இறந்தார். நூல் அழிந்தால் ஒரு மக்களின் நெஞ்சு என்ன பாடுபடும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

தீ வைத்துத்தான் நினைவை அழிக்க வேண்டும் என்பதில்லை. எழுதாமல் விட்டாலும் அது அழியும். 2007 யூன் 7-ஆம் திகதி அதிகாலையில், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களின் லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் சில நூறு பேரைப் பொலிசார் பஸ்களில் ஏற்றி நகரை விட்டு வெளியேற்றினர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அந்த லொட்ஜுகள் இருந்த தெருக்களால் இன்று பாடசாலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு இது தெரியுமா? பஸ்ஸில் ஏற்றப்பட்டவர் தம் வாயால் சொன்னதை அவரவர் குடும்பமே எழுதி வைத்திருக்க வேண்டும். எத்தனை குடும்பம் எழுதியது?

ஆகவே நாம் மூன்று காரியங்களை முன்வைக்கிறோம்.

முதலாவதாக, ஒவ்வொரு பங்கும் சபையும் நிவாரணப் பொருட்களோடு ஒரு நூற்பெட்டியையும் வைத்திருக்கட்டும். பெரிய நூலகம் வேண்டாம். தெளிவான தமிழில், பெரிய எழுத்தில், ஐம்பது நூல்கள் போதும். பக்தி நூல், வாழ்க்கை வரலாறு, எமது நாட்டுத் திருச்சபை வரலாறு, இவற்றோடு கமத்தொழில் நூல்களும் இருக்கட்டும். பூட்டிய அலுமாரி வேண்டாம். பெட்டி வீடு வீடாகப் போகட்டும்.

இரண்டாவதாக, கிழமையில் ஒரு மாலை அரை மணி நேரம் குடும்பமாகவோ நாலு குடும்பம் சேர்ந்தோ வாசிப்போம். பிள்ளை வாசிக்கட்டும், பெரியவர்கள் கேட்கட்டும். வாசித்த பின் ஒரேயொரு கேள்வி கேட்போம்: "இதில் எமக்கு நடந்தது போல் ஏதும் உண்டா?" அம்மம்மா வாய் திறப்பதற்கு இந்தக் கேள்வி போதும்.

மூன்றாவதாக, அம்மம்மா சொல்வதை ஒரு கொப்பியில் எழுதுவோம். ஊரின் பெயர், குளத்தின் பெயர், வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடியது, காணி உறுதி யார் பெயரில் இருந்தது, எல்லையில் நின்ற மரம் எது, மொட்டைக்கறுப்பன் விதைத்தோமா பச்சைப்பெருமாள் விதைத்தோமா, ஆலயத்துக்குக் கல் சுமந்தவர் யார், எந்த நாளில் வெளிக்கிட்டோம், வழியில் யார் தண்ணீர் தந்தார், யாரை எங்கே அடக்கம் செய்தோம் என்பன எல்லாம் அதில் வரட்டும். காணிப் பிணக்கு வரும்போது இந்தக் கொப்பி நீதிமன்றத்தில் உறுதிக்கு ஈடாகாது. ஆனால் எந்தக் கந்தோரில் எந்தக் கடதாசியைத் தேட வேண்டும், யாரைச் சாட்சிக்குக் கேட்க வேண்டும் என்பதை அது காட்டும். பிள்ளைக்கோ தான் வேரில்லாதவன் அல்லன் என்பதைக் காட்டும்.

இஸ்ரயேல் மக்கள் நாற்பது ஆண்டு அலைந்து யோர்தானைக் கடந்த நாளில், ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்து வைக்கும்படி யோசுவா கட்டளையிட்டார். இந்தக் கற்கள் என்ன என்று பிள்ளைகள் ஒரு நாள் கேட்பார்கள், அப்போது சொல்லிக்கொடுங்கள் என்பதே அதன் காரணம். வயலை உழும் முன்பே, வீடு கட்டும் முன்பே, அவர்கள் செய்த வேலை அது.

எமது பிள்ளைகளும் கேட்பார்கள். அன்றைக்கு அவர்கள் கையில் கொடுக்க ஒரு நூலும் ஒரு கொப்பியும் எமது வீடுகளில் இருக்கட்டும்.